மனச்சோர்வு உடம்பின் நோயும்தான்

(உடையார்பாளையத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சங்கீத வித்துவான் கனம் கிருஷ்ணையர் பாட, அரண்மனையில் சபை கூடிக் கேட்ட ஊர் இது. அந்த ஊரில் ஒரு நோயைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள். மனநல மருத்துவன் ஒருவனுக்கு இதைவிட நிறைவான மாலை கிடைக்காது.

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. நோயாளி கேட்பதில்லை, கூட வந்தவர்தான் கேட்பார். "சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லீங்க. வீட்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்றதில்லை. இவளுக்கு அப்படி என்னதான் கவலை?" அப்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்கும் விடை தெரியாது. காரணம் ஒன்றுமே இல்லையே, அப்படியானால் நான் சோம்பேறியா, நடிக்கிறேனா என்று அவளே தன்னைப் பல மாதமாகக் கேட்டு ஓய்ந்திருப்பாள்.

அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கு என்னால் முடிந்த அளவு பதில் சொல்லப் போகிறேன். வாழ்க்கையில் காரணம் தென்படாதபோது அது உடம்பில் இருக்கலாம். வாழ்க்கையில் காரணம் கண்கூடாகத் தெரியும்போதும், அது உடம்பின் வழியாக வந்துதான் நோயாகிறது.

முதலில் எதை நோய் என்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இழவு விழுந்த வீட்டில் அழுவது நோயல்ல. விளைச்சல் பொய்த்தவர் நாலு நாள் முடங்கிக் கிடப்பதும் நோயல்ல. இரண்டு வாரத்துக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும் பெரும்பகுதி நேரம் மனம் கனத்துக் கிடக்க வேண்டும், அல்லது எதிலுமே நாட்டம் இல்லாமல் போக வேண்டும். கூடவே தூக்கம் கெடும். பசி கெடும், எடை இறங்கும். நடையும் பேச்சும் மெதுவாகும். சின்ன வேலைக்கும் களைப்பு வரும். கவனம் நிற்காது. தன்னைத்தானே பழித்துக்கொள்ளத் தோன்றும், சாவைப் பற்றிய எண்ணம் வரும். இவற்றில் ஏறத்தாழப் பாதி உடம்பின் வேலைகள் என்பதைக் கவனியுங்கள். நம் பக்கத்து ஜனங்கள் வரும்போதே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். "உடம்பு அடிச்சுப் போட்டாப்ல இருக்கு." "விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்லை." "நெஞ்சு படபடங்குது." இதயப் படம் எடுத்தாகிவிடும், ஸ்கேன் பார்த்தாகிவிடும், குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியாகிவிடும், தாயத்தும் கட்டியாகிவிடும். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள். 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. வயது வந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வந்திருந்தது. அவர்களில் நான்கில் மூவருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெற்றிருக்கவில்லை.

மனச்சோர்வுக்கு உடம்பில் வேர் உண்டு என்ற எண்ணம் நவீன மருத்துவத்துக்குத் தோன்றியது எப்படி? அந்தக் கதையின் தொடக்கம் நம் நாட்டு மூலிகை ஒன்றில் இருக்கிறது. சர்ப்பகந்தா. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், அதன் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் வெறி பிடித்தவர்களை அமைதிப்படுத்துவதையும் எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதை இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து இங்கிலாந்து இதழில் கட்டுரை வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சில மாதங்களில் துவண்டுபோனார்கள். அவர்கள் வாழ்க்கையில் புதிதாக எந்தத் துக்கமும் நேர்ந்திருக்கவில்லை. புதிதாக வந்தது மாத்திரை ஒன்றுதான். 1955இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகம், ரெசர்பின் கொடுத்த விலங்குகளின் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வற்றிப்போவதைக் காட்டியது.

அதே ஆண்டுகளில் இதற்கு நேர் எதிரான ஒன்று காசநோய் மருத்துவமனையில் நடந்தது. 1952இல் நியூயார்க்கில் சீ வியூ மருத்துவமனை நோயாளிகளுக்கு இப்ரோனயாசிட் என்ற புது மருந்து கொடுத்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள், ஆடினார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். நுரையீரல் படத்தில் தெரிந்த முன்னேற்றத்தைவிட முகத்தில் தெரிந்த முன்னேற்றம் பெரிதாக இருந்தது. அதன் உடன்பிறப்பு மருந்தான ஐசோநியாசிட் நமக்கு நன்றாகத் தெரிந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே அந்த மருந்தைச் சாப்பிட்டுக் காசநோயிலிருந்து மீள முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்தது. இப்ரோனயாசிட்டோ வேறு வழியில் போயிற்று. 1957இல் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதை மனச்சோர்வுக்கே கொடுத்துப் பலன் கண்டதாக அறிவித்தார். மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது என்பது தெரியவந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டது: அந்தப் பொருள்கள் குறைந்தால் சோர்வு, கூடினால் தெளிவு. 1965இல் ஷில்ட்கிராட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முக்கியமாக நார்அட்ரினலினை முன்வைத்து, அதைக் கோட்பாடாக எழுதினார். 1987இல் அமெரிக்கா ஃபுளூவாக்ஸெட்டின் மாத்திரையை அனுமதித்த பிறகு, "செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வு" என்பது பள்ளிக்கூடப் பாடம்போல ஊரெங்கும் பரவியது. எங்கள் துறையினரும் அதையே நோயாளிகளுக்குச் சொல்லிவந்தோம். சொல்வது எளிது, கேட்பதற்கும் ஆறுதல்.

ஆனால் அது முழு உண்மை அல்ல. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே மூளையில் செரட்டோனின் கூடிவிடுகிறது. மனம் தெளியவோ இரண்டு வாரம் நான்கு வாரம் ஆகிறது. குறைவு மட்டும்தான் நோய் என்றால் இந்தத் தாமதத்துக்கு வேலையில்லை. 2022இல் லண்டனிலிருந்து ஜோவன்னா மான்கிரீஃபும் மற்றவர்களும் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று எழுதினார்கள். உடனே "மாத்திரையே மோசடி" என்று கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டது. அது தவறான முடிவு. 2018இல் 522 சோதனைகளை, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது 21 மருந்துகளும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. பலன் மிதமானது, எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, ஆனால் இருக்கிறது. ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் தவறிப்போனாலும், அது வேலை செய்வது பொய்யாகிவிடாது.

சரி, செரட்டோனின் மட்டும் இல்லையென்றால் வேறு என்ன? இங்கேதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பகுதிக்கு வருகிறேன். நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி.

2006இல் சிக்குன்குன்யா வந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மூட்டுவலியை விடுங்கள். அந்தக் காய்ச்சலில் மனம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். யாராவது பேசினால் எரிச்சல். பிடித்த குழம்பும் கசந்தது. போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தால் போதும் என்று இருந்தது. பேரப்பிள்ளை மடியில் ஏறினால்கூடத் தூக்கிக் கொஞ்சத் தோன்றவில்லை. கிருமி மூளைக்குள் புகுந்து இதைச் செய்யவில்லை. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் என்ற புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை "சண்டை நடக்கிறது, அசையாதே, ஒதுங்கிக் கிட, சக்தியைச் சேமி" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சல் கண்ட மாடு மேயாமல் மந்தையை விட்டு விலகி நிற்பதும் இதே ஏற்பாட்டால்தான். பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் 1988இல் இதை விளக்கி எழுதினார். விலங்கு நோயில் படுப்பது அதன் பலவீனம் அல்ல, பிழைப்பதற்கான ஏற்பாடு என்றார் அவர்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்தால் இந்தச் செய்தியும் நின்றுவிடும். நிற்காமல் மாதக்கணக்கில் மெல்லிய குரலில் தொடர்ந்துகொண்டே இருந்தால்? மனச்சோர்வின் ஒரு பகுதி அதுதானோ என்று 1991இல் ரொனால்ட் ஸ்மித் என்பவர் கேட்டார். அப்போது பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கல்லீரல் அழற்சிக்கும் சிலவகைப் புற்றுநோய்க்கும் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனையே ஊசி மருந்தாகக் கொடுத்துவந்தார்கள். ஊசி தொடங்கிய சில வாரங்களில், அதுவரை மனநோயே இல்லாதவர்களில் பலருக்கு முழு அளவிலான மனச்சோர்வு வந்தது. 2001இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு ஊசிக்கு முன்பே மனச்சோர்வு மாத்திரை தொடங்கினார்கள், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்ட 20 பேரில் 9 பேருக்கு நோய் வந்தது. மருந்து சாப்பிட்ட 18 பேரில் வந்தது 2 பேருக்குத்தான். புற்றுநோய்க் கவலை இரு பக்கத்தாருக்கும் ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான். கவலையே காரணம் என்று சாதித்தவர்கள் இந்தச் சோதனைக்குப் பிறகு கொஞ்சம் நிதானித்தார்கள்.

இரத்தத்தில் ஓடும் செய்தி மூளையை எட்டும் பாதைகளும் இப்போது ஓரளவு தெரியும். வயிற்றையும் மார்பையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு ஒரு பாதை. இரத்த நாளங்களின் உட்சுவர் இன்னொன்று. செய்தி போய்ச் சேர்ந்ததும் மூளைக்குள்ளேயே காவல் இருக்கும் மைக்ரோகிளியா என்ற அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. செரட்டோனின் செய்வதற்கு மூலப்பொருள் டிரிப்டோஃபேன். பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் நாம் சாப்பிடுவதுதான். அழற்சி நேரத்தில் ஒரு நொதி அதைக் கைனுரெனின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. ஆக, பழைய செரட்டோனின் கதையும் முற்றாகப் பொய்யல்ல. இந்தப் பெரிய கதைக்குள் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இந்த இடத்தில் நான் அளவோடு பேச வேண்டும். மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் அழற்சி இல்லை. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் ஏறத்தாழ நான்கில் ஒரு நோயாளிக்குத்தான் தெளிவாகக் கூடுதலாக இருக்கிறது. 2013இல், மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத 60 நோயாளிகளுக்கு அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் அந்தப் புரதம் அதிகம் இருந்தவர்களுக்கு மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. அதனால் யாரும் கடைக்குப் போய் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ வாங்கிச் சாப்பிட்டு மனச்சோர்வைப் போக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையே சிலருக்கு மனச்சோர்வையும் சிலருக்கு மனக்கொந்தளிப்பையும் கொண்டுவரும். இந்த ஆய்வு எனக்குக் காட்டுவது வேறொன்று: ஒரே பெயரால் நாம் அழைப்பது ஒரே நோய் இல்லை.

அழற்சி எங்கிருந்து வருகிறது? தீராத தொற்று, சர்க்கரை நோய், வயிற்றுக் கொழுப்பு, புகை, சீழ் பிடித்த ஈறு, கெட்ட தூக்கம். இவை போக, பலரும் எதிர்பார்க்காத ஒரு காரணத்தை அழுத்திச் சொல்கிறேன். நியூசிலாந்தில் டனீடின் நகரில் ஒரே காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் இரத்தத்தில், 32 வயதிலும் அழற்சியின் அடையாளங்கள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன என்று 2007இல் எழுதினார்கள். அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, எல்லாம் மறந்துவிட்டதாகச் சொல்லலாம். அவன் இரத்தம் மறந்திருக்கவில்லை. "அடியாத மாடு படியாது" என்று பிள்ளையின் மேல் கை ஓங்குகிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். வேலூர் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியம் இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அங்கே 65 வயதுக்கு மேற்பட்ட 1,000 பேரை வீடு வீடாகப் பார்த்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலக இதழ்களில் வந்த எத்தனையோ ஆய்வுகளைவிட நான் அதிகம் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான். 12.7 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது, எட்டில் ஒருவர். யாருக்கு அதிகம் வந்தது? இதய நோய் இருந்தவர்களுக்கு வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். மூளைக்கு இரத்தம் சற்று நேரம் தடைப்பட்டு மீண்டவர்களுக்கும், எப்போதோ தலையில் அடிபட்டவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் இரண்டு மடங்குக்கும் மேல். இதுவரை எல்லாம் உடம்பின் காரணங்கள். அதே பட்டியலில், அதே அளவு கனத்தோடு, இன்னொரு சொல் இருக்கிறது: பசி. வயிற்றுக்குப் போதாமல் பசியோடு இருந்த முதியவர்களுக்கு வாய்ப்பு இரண்டரை மடங்கு. சர்க்கரை நோயைவிடச் சற்று அதிகம்.

பசியை உடம்புக் காரணம் என்பதா, சமூகக் காரணம் என்பதா? மகன் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்ட வீட்டில், இரவில் ஒரு டம்ளர் காபியோடு படுத்துவிடுகிற பாட்டியின் இரத்தத்தைச் சோதித்தால் சோகை தெரியும், வைட்டமின் குறைவு தெரியும். சோதனைக் காகிதத்தில் தெரியாதது ஒன்றும் இருக்கிறது: அவள் யாருக்கும் தேவையில்லாதவளாகிவிட்டாள். இரண்டும் சேர்ந்துதான் அவளைப் படுக்க வைத்தன. அந்த ஆய்வில் நோயிலிருந்து காப்பாற்றிய ஒரே வலுவான காரணி எது என்று கேட்டால், மனம் விட்டுப் பேச ஆட்கள் இருந்தது. அப்படி அதிகம் பேர் இருந்தவர்களுக்கு வாய்ப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. முதுமையோ பெண்ணாகப் பிறந்ததோ தனியே காரணமாகத் தெரியவில்லை. வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று நாம் விட்டுவிடுகிறோமே, அதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

அதே கல்லூரி மருத்துவர்கள் 2002இல் தமிழகக் கிராமப்புறத் தாய்மார்களைப் பற்றி எழுதினார்கள். பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் சில நாட்களில் செங்குத்தாக இறங்குகின்றன. வாழ்நாளில் வேறெப்போதும் அவ்வளவு வேகமான இறக்கம் இல்லை. ஆனால் அந்த இறக்கம் எல்லாத் தாய்க்கும் பொது. யாருக்கு அது நோயானது? வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவர்களுக்கு, கைக்கு உதவி இல்லாதவர்களுக்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போடுகிற அத்தனை அக்கறையும் நம்மிடம் உண்டு. அவளை நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விட்டு, அழும் குழந்தையை இன்னொருவர் தூக்கி வைத்துக்கொள்வதும் மருந்துதான். ஆனால் எல்லா வீட்டிலும் அது கிடைப்பதில்லை.

அடுத்து மரபணு. இதைப் பேசாமல் நான் மேடையை விட்டு இறங்க முடியாது. சம்பந்தம் பேசும்போது "அந்த வீட்ல பாட்டி கொஞ்சம் ஒரு மாதிரியாம்" என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லி நின்றுபோன கல்யாணங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

மனச்சோர்வு குடும்பத்தில் வரும் என்பது உண்மைதான். பெற்றோர், உடன்பிறந்தார் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2000ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒருவருக்கு வருவதும் ஒருவருக்கு வராததுமான வேறுபாட்டில் 37 விழுக்காடு மரபணுவால் வருகிறது. மீதி 63 வாழ்க்கையிலிருந்து. இருமுனைக் கோளாறு வேறு. அதில் மரபின் பங்கு இதைவிட மிக அதிகம். எப்போதாவது சில நாட்கள் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கையிலிருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்த காலம் இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுப்பது ஆபத்து.

இந்த 37 விழுக்காடு எந்த மரபணுவில் இருக்கிறது என்று தேடிய வரலாறு ஏமாற்றம் நிறைந்தது. 2003இல், முன்பு சொன்ன டனீடின் குழந்தைகளிடமிருந்தே, செரட்டோனினைக் கடத்தும் மரபணுவின் குட்டை வடிவம் இருந்தால் துன்பம் வரும்போது மனச்சோர்வு எளிதில் வரும் என்று ஒரு முடிவு வந்தது. "மனச்சோர்வு மரபணு" என்று செய்தித்தாள்கள் எழுதின. பல ஆண்டு ஆராய்ச்சி அதன்மேல் கட்டப்பட்டது. 2019இல், இலட்சக்கணக்கானோரின் விவரங்களை வைத்து, அப்படிப் பெயர் பெற்ற 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். ஒன்றுகூடத் தற்செயலாக எடுத்த வேறு மரபணுவைவிடச் சிறப்பாகத் தேறவில்லை.

அதற்குள் வேறு வழியில் பலன் வரத் தொடங்கியிருந்தது. ஒரு மரபணுவைக் குறிவைக்காமல் முழு மரபுத்தொகுதியையும் சலித்துப் பார்த்தார்கள். 2015இல் சீனாவில் கடுமையான மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த 5,303 பெண்களைப் பார்த்து, முதல்முறையாக உறுதியான இரண்டு இடங்கள் கண்டார்கள். 2025 ஜனவரியில் 29 நாடுகளிலிருந்து, நோய் கண்ட 6,88,808 பேரையும் இல்லாத பல இலட்சம் பேரையும் ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. அதில் கண்டது ஏறத்தாழ 700 மரபு மாறுபாடுகள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

இதை நெசவூரில் விளக்குவது எனக்கு எளிது. மயில் நெய்த சேலையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு இழையை உருவி எடுத்து "இதுதான் மயில்" என்று சொல்ல முடியுமா? மயில் எல்லா இழையும் சேர்ந்து, ஊடை போட்ட பிறகு வருவது. உங்கள் ஒவ்வொருவரிடமும், என்னிடமும், அந்த 700இல் பல இழைகள் இருக்கின்றன. முற்றும் இல்லாத குடும்பம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஆகவே பாட்டிக்கு இருந்தது என்று பேத்தியை ஒதுக்குகிறவர், தம் பிள்ளையின் பாவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பேசுகிறார்.

இந்தத் தேடலில் என்னைச் சிந்திக்க வைத்த ஒன்று உண்டு. மனச்சோர்வோடு தொடர்புள்ள இடங்களில் ஒன்று, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருங்கிக் கிடக்கும் ஆறாம் குரோமோசோம் பகுதி. சார்லஸ் ரெய்சன், ஆண்ட்ரூ மில்லர் என்ற இருவர் ஒரு கருதுகோள் முன்வைத்தார்கள். தொற்று வந்தால் வேகமாக, கடுமையாக எதிர்க்கும் உடம்பு அந்தக் காலத்தில் பிழைத்தது. அதே உடம்புதான் இன்றைக்கு மனச்சோர்வுக்கும் எளிதில் இடம் கொடுக்கிறது என்று. இது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் காலராவும் பெரியம்மையும் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் நம் முன்னோர் சிலரைக் காப்பாற்றிய இரத்தம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கும்போது, அதைக் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2025இல் வந்த அந்தப் பெரிய ஆய்வில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மைப் போன்றவர்கள் மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே திருமணம் செய்த நம் சமூகங்களின் மரபுத்தொகுதிக்குத் தனி வரலாறு இருக்கிறது. ஐரோப்பியரை வைத்து எழுதிய மதிப்பெண்ணைக் கொண்டு நம் பிள்ளைகளின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது. "எச்சில் அனுப்புங்கள், மனநோய் வருமா என்று சொல்கிறோம்" என்று விளம்பரம் வந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

மற்ற உடம்புக் காரணங்களை விரைவாகச் சொல்கிறேன். தைராய்டு சுரப்பு குறைந்தால் அச்சு அசல் மனச்சோர்வாகவே தெரியும். பி12 குறைவும் சோகையும் அப்படியே. இந்தச் சோதனைகள் எளிமையானவை. முதலில் செய்துவிட வேண்டும். நெருக்கடி நேரத்தில் சுரக்கும் கார்டிசால் பல நோயாளிகளுக்கு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. சர்க்கரையைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 25,000க்கு மேற்பட்ட பொதுமக்களைப் பார்த்து 2009இல் எழுதிய ஆய்வில் 15.1 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பின்னர் சென்னை உட்பட நான்கு இடங்களில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு இரண்டையும் ஒருங்கே கவனிக்கும் ஒருவர் தொடர்ந்து பேசி வந்தார். இரண்டு ஆண்டு முடிவில் மனமும் உடம்பும் சேர்ந்து தேறியவர்கள் முதல் சாராரில் 57 விழுக்காடு, இரண்டாவதில் 72 விழுக்காடு. 2020இல் வந்தது இது.

இதை நான் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. கொண்டுவருகிற சகோதரி நம் ஊர்ப் பெண். அவர் மாத்திரையோடு இரண்டு கேள்வி கேட்டால் போதும்: "இந்த ரெண்டு வாரமா எதுலயும் நாட்டம் இல்லாம இருக்கீங்களாம்மா? மனசு துவண்டு கிடக்கா?" ஆமாம் என்றால் அடுத்தது மருத்துவர். 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி இங்கிருந்து தூரமில்லை. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறிய காலம் போய்விட்டது.

மாத்திரை பற்றி. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல், லேசான தலைவலி வரலாம், அடங்கிவிடும். இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் பதற்றம் கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். லேசான நோய்க்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் தினசரி நடையும் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். நடப்பது அழற்சியையும் குறைக்கிறது.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், சும்மா மிரட்டுகிறார் என்று விடாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கூடவே இருங்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். கடுமையான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் இருபது ஆண்டுகளில் தற்கொலை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. நமக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோவில் பகுதியில், விவசாயிகளின் பூச்சிமருந்தை ஊர்ப் பொதுவில் பூட்டி வைக்கும் முயற்சியை தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து காட்டி 2013இல் எழுதினார்கள். உடையார்பாளையம் பக்கத்து ஊராட்சிகள் அதை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது இந்தக் கூட்டத்தில் நான் வைக்கும் கோரிக்கை.

எந்த நேரமும் தமிழிலேயே பேச 14416 என்ற எண் இருக்கிறது. அரசின் டெலி மனஸ் சேவை, கட்டணம் கிடையாது. கூட்டத்தில் எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.